சீட் கிடைத்தால் போதுமா?

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டன. இந்த வாரம் உங்களில் பலர் மதிப்பெண் பட்டியலோடு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றிருப்பீர்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அரசு நடத்துகிற திட்டங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எங்கே என்ன படிக்கலாம் என்று வழிகாட்டுகிற கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்குக் கட்டணத்தில் கிடைக்கிற முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. இவை தேவைதானா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். தேவை, இன்னும் அதிகமாகவே தேவை என்பது என் கருத்து. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவன் நான். அங்கே கண்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

"எல்லாம்தான் இலவசமாகக் கிடைக்குதே, இதுக்கு மேல என்ன செய்யணும்?" இந்தக் கேள்வியை டீக்கடையிலும் கேட்கிறேன், நன்றாகப் படித்தவர்கள் வீட்டிலும் கேட்கிறேன். மத்திய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 18 முதல் 23 வயது வரையிலானவர்களில் கல்லூரியில் சேர்ந்தவர்களின் விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. நாம் பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அதே எண், பாதிக்கு மேல் வெளியே நிற்பதையும் சொல்கிறது. அந்த மீதிப் பேரை எங்கோ போய்த் தேட வேண்டாம். சேரம்பாடி, கொளப்பள்ளி, தேவாலா பக்கம் தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடியிருப்புகளில் இருக்கிறார்கள்.

அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய்தான். அதற்குள் வாங்க வேண்டிய காகிதங்களைப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று, வங்கிக் கணக்கு, ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அதற்கு ஒரு திருத்தம். பழங்குடிப் பிள்ளைக்குச் சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடியாது, கோட்டாட்சியரிடம் போக வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒருநாள் கூலி போகிறது. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலை மாதங்கள்தான் கூடலூர், பந்தலூர் பகுதியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்கள். மரம் விழுந்து சாலை அடைபடும், மின்சாரம் போகும், செல்போனில் சிக்னல் நிற்காது. கூடலூரிலிருந்து உதகைக்கு 50 கிலோமீட்டர், நடுவட்டம் வழியாக ஏறி வர வேண்டும். கலந்தாய்வுக்கு அழைத்த குறுஞ்செய்தியை இரண்டு நாள் கழித்துப் பார்த்த மாணவனை எனக்குத் தெரியும். அவன் சோம்பேறி இல்லை. அவன் ஊரில் அந்த இரண்டு நாளும் கரண்ட் இல்லை.

சரி, சீட் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்பில் ஒரு பெண். கணக்கில் நல்ல மதிப்பெண். கோயம்புத்தூரில் பி.எஸ்சி. கணிதத்துக்கு இடம் கிடைத்தது. அவள் போகவில்லை. கல்விக் கட்டணம் பெரிய தொகையே இல்லை. விடுதிக்கு முன்பணம் கேட்டார்கள், முதல் மாத மெஸ் பணமும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். உதவித்தொகை வரும், ஆனால் அது வருடத்தின் பிற்பாதியில் வரும். பணம் ஜூன் மாதம் வேண்டும். "கடன் வாங்கி அனுப்பிடலாம் சார், அங்க போய் பாதியில நின்னுட்டா கடனும் நிக்கும், புள்ளயும் நிக்கும்" என்றார் அவளுடைய அம்மா. அந்தக் கணக்கில் நான் ஒரு பிழையும் காணவில்லை. அந்தப் பெண் கொழுந்து பறிக்கப் போனாள்.

அவளைத் திரும்பக் கொண்டுவந்தது 'உயர்வுக்குப் படி'. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முகாமுக்கு வரவழைக்கிற ஏற்பாடு அது. கல்லூரிக்காரர்களும் வங்கிக்காரர்களும் சான்றிதழ் தரும் அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் உட்காருகிறார்கள். கூடலூர் அரசு கல்லூரியில் காலியாக இருந்த ஓர் இடத்தில் அன்றைக்கே அவளைச் சேர்த்தார்கள். விடுதி வேண்டாம், வீட்டிலிருந்தே பஸ். மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் பணம் அவள் கணக்குக்கே போயிற்று. அந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். கல்யாணச் செலவுக்கு வைத்திருந்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியதை நான் மிகப் பெரிய காரியமாக மதிக்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது.

ஆயிரம் ரூபாய் ஒரு பெரிய பணமா என்று கேட்பவர்கள், மாதக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் வகுப்புக்கு வராதவர்களைப் பார்த்ததில்லை.

இன்னொரு குற்றச்சாட்டு, தகுதி குறைந்துவிடுகிறது என்பது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தபோது இது பலமாக ஒலித்தது. அதற்கு முந்தைய வருடம் மாநிலம் முழுவதும் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒதுக்கீடு வந்த வருடமே 300-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் நீட் தேர்வில் தேறியவர்கள்தான். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பந்தலூர்ப் பகுதியில் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைக்க எங்களால் முடிந்ததில்லை. ஐந்து மணிக்கு மேல் பாதையில் யானை வரும், பிள்ளைகளை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். பெரிய நகரத்தில் லட்சக்கணக்கில் பணம் கட்டி இரண்டு வருடம் கோச்சிங் போன மாணவனின் மதிப்பெண்ணையும், யானைக்குப் பயந்து நாலரை மணிக்கே கிளம்பிய மாணவியின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பத்து மார்க் குறைகிறது, தகுதி இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கிற உழைப்பை யார் எண்ணுவது?

அமெரிக்காவில் 1964-இல், லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்தபோது வந்த வறுமை எதிர்ப்புச் சட்டத்தின் வழியாக 'அப்வர்ட் பவுண்ட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஏழை வீட்டு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் கல்லூரி வளாகத்துக்கு அழைத்துவந்து பாடம் சொல்லிக்கொடுத்து, விண்ணப்பம் நிரப்பவும் கூட இருப்பார்கள். அறுபது வருடமாக நடக்கிறது. 2025-இல் அங்கே அரசு முன்வைத்த பட்ஜெட்டில், அது போன்ற திட்டங்களுக்கான பணத்தையே நிறுத்திவிடலாம் என்றார்கள். வசதியில்லாதவர்கள் கல்லூரிக்குப் போவது முன்போல் கடினமாக இல்லை என்பது சொன்ன காரணம். நம் டீக்கடைப் பேச்சுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? திட்டம் பலன் தர ஆரம்பித்ததும், பலனைக் காட்டியே திட்டத்தை மூடச் சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது.

உதகையில் இருப்பவர்களுக்கு ஒன்று. நம் அரசு கலைக் கல்லூரி 1955-இல் தொடங்கியது. அதன் வளாகத்தில் இருக்கிற ஸ்டோன் ஹவுஸ், கோவை கலெக்டர் ஜான் சலிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய வீடு. தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கிய நிலம் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறது. இந்த மலையின் பழங்குடிப் பிள்ளை அங்கே படிக்க வரும்போது, நாம் என்னவோ தானம் செய்வதாக யாரும் பேசக் கூடாது.

திட்டங்களை ஆதரிப்பதால் குறையே இல்லை என்று சொல்லவில்லை. விடுதி முன்பணத்துக்கும் முதல் மாத மெஸ்ஸுக்கும் மாவட்ட அளவில் ஒரு தொகை, சேர்க்கை நாளிலேயே கையில் கிடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் அவசரம். சான்றிதழ் வேலையைப் பதினோராம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தில் வைத்து முடித்துவிடலாம். முகாம்களை நல்ல பாடப்பிரிவுகள் நிரம்புவதற்கு முன்னால் நடத்த வேண்டும். முதல் பட்டதாரி சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்கே கிடைக்கிறது. அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை. அக்கா பட்டம் வாங்கிய உடனே அந்த வீட்டில் பணம் கொட்டிவிடுமா? அப்புறம், இத்தனையையும் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் தலையிலேயே கட்டாமல், ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் இதற்கென்றே ஓர் ஆளைப் போட வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, சீட் கிடைத்தும் பணத்துக்குத் தயங்கிக்கொண்டிருந்தால், வேண்டாம் என்று முடிவெடுக்கும் முன் பிள்ளை படித்த பள்ளிக்கு ஒருமுறை போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். போக முடியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் பேசுங்கள். பிள்ளையை ஏற்கெனவே வேலைக்கு அனுப்பிவிட்டவர்களும் பேசலாம். போன வருடம் முடித்தவர்களும் இந்த வருடம் சேரலாம். வணக்கம்.