ஒரே 'க', இரண்டு ஆள்

(வீரர் தினத்தை ஒட்டி, கோலாலம்பூர் செந்தூலில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கூடிய இடத்தில் பேசியது. பேச்சைக் கொஞ்சம் சீர்செய்து எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், மின்விசிறி சரியாகத் தலைக்கு மேல் ஓடுகிறது. குளிர்ந்தால் கையைத் தூக்குங்கள், குறைக்கச் சொல்கிறேன்.

தமிழ் மேடையில் வீரத்தைப் பேச வந்தவர் நடுகல்லில் ஆரம்பிப்பது சம்பிரதாயம். நானும் அங்கேயே ஆரம்பிக்கிறேன், காரணம்தான் வேறு. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டியவனுக்கு ஒரு வசதி இருந்தது. அவனிடம் இருந்தது ஒரே 'க'. கணேசன் என்றாலும் அதே 'க', முருகன் என்றாலும் அதே 'க'. தோட்டத்து ஆபிஸில் கணக்கெழுதும் கிராணிக்கு அந்த வசதி இல்லை. ரோமன் எழுத்தில் நம் பெயரை எழுத வேண்டியிருந்தவர், 'கணேசன்' என்று காதில் விழுந்ததும் கே போடுவதா ஜி போடுவதா என்று ஒரு விநாடி யோசித்தார். அந்த ஒரு விநாடியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். சாட்சிக் கூண்டில் ஏறுகிறவரிடம் முதலில் கேட்பது பெயர். அதற்கே பத்து நிமிடம் போன நாட்கள் உண்டு. ஐசி என்கிற அடையாள அட்டையில் ஒரு மாதிரி, சூராட் என்கிற பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, போலீஸ் ரிப்போர்ட்டில் மூன்றாவது மாதிரி. 'பழனி' என்ற மூன்றெழுத்துப் பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். 'ழ' படும் பாடு ஒருபக்கம் இருக்கட்டும், 'ப'வுக்கே இரண்டு பி இருக்கிறது. அந்த இரண்டு பி-யையும் தமிழில் பிரித்து எழுதிக் காட்டக்கூட எனக்கு வழி இல்லை, பார்த்தீர்களா?

சரி, என் தாய்மாமா கதைக்கு வருகிறேன். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். "எந்தப் பேரைச் சொல்லுவே?" என்று சிரித்தார். அதனால் சொல்லவில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவர். அந்த வட்டாரத்தில்தான் 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் நாடு முழுக்க வந்தது. அது 1960 ஜூலை 31-ல் முடிந்தது. ஜூலை 31-ஐ வீரர் தினமாக வைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் மாமா போனது அந்தச் சண்டைக்கு இல்லை. அடுத்ததற்கு. 1968 ஜூன் 17-ல் தாய்லாந்து எல்லைப் பக்கம் குரோ-பெத்தோங் சாலையில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து தாக்கியதில் பாதுகாப்புப் படையினர் 17 பேர் இறந்தார்கள். அங்கே தொடங்கியது, 1989 டிசம்பர் 2-ல் ஹாட்யாய் சமாதான ஒப்பந்தத்தில்தான் ஓய்ந்தது. 21 வருடம்! முதல் சண்டைக்கு 'அவசரகாலம்' என்று பெயராவது உண்டு. இதற்கு நம் ஆட்கள் வாயில் ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை. கோலாலம்பூரில் படம் ஓடிக்கொண்டிருந்தது, பத்து மலைக்குக் காவடி போய்க்கொண்டிருந்தது, வடக்கே காட்டில் ஆட்கள் கால் இழந்துகொண்டிருந்தார்கள்.

மாமா ராணுவத்தில் லாரி டிரைவர். 12 வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். 21 வருடம் முடிக்கவில்லை என்பதால் பென்ஷன் கிடையாது. எழுபதுகளில் கிரிக்கிலிருந்து ஜெலி வரை மலையை வெட்டி நெடுஞ்சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1970-ல் ஆரம்பித்த வேலை 1982-ல்தான் முடிந்தது. 1974-ல் கம்யூனிஸ்டுகள் சாலை போடும் இயந்திரங்களையே தாக்கி அழித்தார்கள். வேலை நடக்க ராணுவம் காவல் நிற்க வேண்டியிருந்தது. மாமாவின் பிரிவு வேறு ஊரில், முகாமில் இருந்தது. அங்கிருந்து ஒரு ரெஞ்சர் பட்டாளத்துக்கு லாரியையும் மாமாவையும் சேர்த்து இரவல் கொடுத்தார்கள். இரண்டு வாரம் என்றார்கள், எட்டு மாதம் ஆனது. எழுத்தில் ஆணை இருந்ததா என்று நான் கேட்டேன். "ஆணையா? மேஜர் போனை வச்சாரு, போன்னாரு, போனேன்" என்றார்.

ஒரு நாள் காலையில் அரிசி மூட்டையும் தண்ணீர் டின்னும் ஏற்றிக்கொண்டு போகும்போது சாலையோரம் கண்ணிவெடி வெடித்தது. முன்னால் போன வண்டிதான் அடிபட்டது. மாமாவின் லாரிக்குக் கண்ணாடி மட்டும் போனது. இடது காதிலிருந்து ரத்தம். கூட வந்த மெடிக் பஞ்சு வைத்து அடைத்தார். அன்று மாலையே மாமா அதே லாரியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போயிருந்தால் ஒரு அட்டை இருந்திருக்கும். நாற்பது வருடம் கழித்து அந்த அட்டையின் விலை அவருக்குத் தெரிந்தது.

கம்யூனிஸ்ட் எதிர்ப்புக் காலத்தில் பணியாற்றியவர்களுக்குப் 'பிங்காட் ஜாசா பாலாவான் நெகாரா' என்ற பதக்கம் கொடுக்கிறார்கள். மாமாவின் சிநேகிதர்கள் இரண்டு பேர் வாங்கிவிட்டார்கள். இவரும் பாரம் பூர்த்தி செய்து ஓர் அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினாராம், பாக்சிக், உட்காருங்கள் என்றெல்லாம். ஆனால் கணினியில் வந்தது இரண்டு சங்கதி. ஒன்று, ஐசியில் கே-யில் தொடங்கும் ஆளுக்கு ராணுவப் பதிவே இல்லை. ஜி-யில் தொடங்கும் ஒருவர் இருக்கிறார். இரண்டு, அந்த ஜி-க்காரரும் எழுபதுகள் முழுக்க முகாமைவிட்டு நகரவே இல்லை.

மாமா வீட்டுக்கு வந்து பாரத்தைக் கிழித்துப் போட்டார். "இந்த வயசுல போய் தகரத்துக்குப் பிச்சை எடுக்கணுமா?"

இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. இந்த மண்டபத்திலும் பலர் மனதில் அதே கேள்வி இருக்கும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பதக்கம் கேட்பது வேறு, பதிவைத் திருத்தக் கேட்பது வேறு. முதலாவதில் 'எனக்குப் பெருமை கொடுங்கள்' என்கிறோம். இரண்டாவதில் 'உங்கள் ஏட்டில் தப்பு இருக்கிறது' என்கிறோம். பிச்சைக்காரன் பேசுகிற பேச்சா அது? கணக்குப்பிள்ளை பேச்சு. பதக்கம் பின்னாலேயே வரும், வராமலும் போகும். ஆனால் முகாமில் தூங்கினான் என்று எழுதிவைத்திருப்பது பொய், அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டுப் போவதா?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது, ராணுவப் பதிவுத் திருத்த வாரியம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் வந்த சட்டத்தில் பிறந்தது. உறுப்பினர்கள் சிவிலியன்கள், சீருடைக்காரர்கள் இல்லை. தவறைத் திருத்தலாம், அநீதியை நீக்கலாம், இந்த இரண்டு சொல்தான் அதன் அதிகாரம். தீர்ப்புகளில் பெயரை மறைத்துவிட்டுப் பொதுவில் வைக்கிறார்கள். ஓய்வு பெற்றபின் அவற்றைப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. என் மனைவி சீரியல் பார்ப்பாள், நான் இதைப் படிப்பேன். இரண்டிலும் அழுகைக்குக் குறைவில்லை.

படிக்கப் படிக்க நம் மாமாக்கள்தான் தெரிகிறார்கள். அங்கே 1943-ல் காலாட்படைக்காரருக்கென்று ஒரு போர்ச் சின்னம் உண்டாக்கினார்கள். அதற்குக் காலாட்படைத் தொழில் வேண்டும், காலாட்படைப் பிரிவில் இருக்க வேண்டும், சண்டை நடந்த இடத்தில் ஆளும் இருந்திருக்க வேண்டும். லாரி ஓட்டியவர், சமைத்தவர் துப்பாக்கி எடுத்துச் சுட்டிருந்தாலும் அது கிடைக்காது. ஏட்டில் தொழில் 'டிரைவர்'. காயத்துக்குக் கொடுக்கும் பர்ப்பிள் ஹார்ட்டுக்கும் அப்படித்தான். எதிரியால் காயம் பட்டால் மட்டும் போதாது, வைத்தியம் பார்த்தது பதிவில் இருக்க வேண்டும். பஞ்சு வைத்து அடைத்த மெடிக் அதைத் தாளில் எழுதினாரா?

வாரியம் முதலில் எடுத்துக்கொள்வது, அரசு ஏடு சரியாகவே எழுதப்பட்டிருக்கும் என்பதை. இல்லை என்று காட்டுவது கேட்பவர் பொறுப்பு. தவறு தெரிந்த மூன்று வருடத்துக்குள் வர வேண்டும் என்றும் விதி, ஆனால் நியாயம் இருந்தால் அதைத் தளர்த்துவார்கள். இதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீதிமன்றத்தில் எத்தனை பொய்யை மொழிபெயர்த்திருக்கிறேன்! பொய்ப் பதக்கம் போட்டுக்கொண்டு திரிகிறவர்களுக்காக அமெரிக்கா 2006-ல் ஒரு சட்டம் போட்டு, அதை உச்சநீதிமன்றம் 2012-ல் தள்ளுபடி செய்து, 2013-ல் மறுபடி வேறு மாதிரி போட்டார்கள். கவுண்டர்க்காரர் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் ஏடே எரிந்துபோனால்? 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ராணுவ ஆவணக் கிடங்கு தீப்பிடித்தது. ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. 1912-லிருந்து 1960 வரை ராணுவத்திலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் சாம்பல். நகல் கிடையாது. அதற்காக, உன் கோப்பு இல்லை, போ என்று சொல்லவில்லை. பட்டாளங்கள் தினமும் எழுதிய காலை அறிக்கை, சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிச் சேர்க்கைக் கணக்கு என்று வேறு ஏடுகளிலிருந்து ஒட்டவைத்தார்கள். ஆளைப் பற்றிய கோப்பு போனாலும் பட்டாளத்தைப் பற்றிய கோப்பில் ஆள் இருப்பான். இந்த ஒரு யோசனையை நான் அங்கிருந்துதான் திருடினேன்.

நம் பக்கமும் முன்மாதிரி உண்டு. இங்கே உட்கார்ந்திருக்கிற சில வீடுகளில் தாத்தாவோ பாட்டியோ நேதாஜி படையில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு எந்தக் கிராணி பணிப்புத்தகம் எழுதிக் கொடுத்தார்? இந்திய அரசு 1972-ல் தியாகிகள் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது, சிறை ஆவணம் இல்லாதவர்களுக்குக் கூடச் சிறையில் இருந்தவர் கொடுக்கும் சான்றிதழை ஏற்றார்கள். கூட இருந்தவன் சொல் சாட்சி.

ஆக, மாமாவோடு கூட இருந்தவர்களைத் தேடினோம். ஒரு வருடம் ஆனது. மெடிக் இறந்துவிட்டார். இபான் சிப்பாய் ஒருவர் சரவாக்கில் இருப்பதாகத் தெரிந்தது, பேச முடியவில்லை. கடைசியில் கோலகங்சாரில் ஒரு மலாய்க்கார சார்ஜண்ட் கிடைத்தார், எண்பதை நெருங்கியவர். வெடி வெடித்த நாள், முன்வண்டியில் இருந்தவர்கள், லாரியில் என்ன சரக்கு, எல்லாம் சொன்னார். சத்தியப் பிரமாணமும் எழுதித் தருகிறேன் என்றார். சந்தோஷமாகப் பேனாவை எடுத்தேன். டிரைவர் பெயர் என்ன என்று கேட்டேன்.

"தம்பி" என்றார்.

முழுப் பெயர்?

"தம்பிதான். எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிட்டோம்."

கே ஒருவர், ஜி ஒருவர், இப்போது மூன்றாவதாகத் தம்பி! மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எப்படி உறுதிமொழி ஆணையர் முன்னால் கொண்டுபோவது? அப்புறம் சார்ஜண்ட் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு படம் வந்தது. லாரி முன்னால் ஏழு பேர், பின்பக்கம் தேதி, பட்டாளத்தின் பெயர், லாரி எண். அந்த லாரி எண் மாமாவின் முகாம் ஏட்டில் இருக்க வேண்டும். ஆளை இரவல் கொடுத்ததை எழுதாமல் விட்டிருக்கலாம், லாரியை எழுதாமல் விடுவார்களா? ராணுவத்தில் டிரைவர் தொலைந்தால் விசாரணை, லாரி தொலைந்தால் பெரிய விசாரணை.

பெயர் விவகாரத்துக்கு வழி சுலபமாகவே இருந்தது. பிறப்புச் சூராட், பழைய ஐசி, பள்ளிக்கூடச் சான்றிதழ், சேர்ந்த நாளில் வைத்த கைரேகை. கே-யும் ஜி-யும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியப் பிரமாணம். ஆறு மாதத்தில் திருத்திக் கொடுத்தார்கள். கிரிக் விவகாரம் இன்னும் உள்ளே இருக்கிறது. லாரி எண்ணோடு, படத்தின் நகலோடு, சார்ஜண்டின் உறுதிமொழியோடு போன வருடம் கொடுத்தோம். அந்த உறுதிமொழியில், 'படத்தில் இடமிருந்து மூன்றாவது நிற்பவரை நாங்கள் தம்பி என்று அழைத்தோம்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் எழுதிய வாக்கியங்களில் அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கேப்டன் மோகன சந்திரன் மாதிரி நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர்களை நாம் மேடைதோறும் சொல்கிறோம், சொல்ல வேண்டும். அவர் மரணத்தை ஏடு சரியாக எழுதியது. அரிசி மூட்டை ஏற்றிப் போனவர்களை யார் எழுதினார்கள் என்பதுதான் என் கவலை. சாட்சிகளுக்கு எண்பது வயது. சார்ஜண்ட் அன்று வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதனால் தீபாவளி முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அலமாரியில் இருக்கிற படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மணியார்டர் துண்டு, கடித உறை, பட்டாளத்துத் தபால் முத்திரை, எதையும் எரிக்காதீர்கள்.

வெளியே மேசையில் பாரங்கள் வைத்திருக்கிறோம். ஐசியும் பழைய காகிதங்களும் கொண்டுவந்தவர்கள் இன்றே உட்கார்ந்து எழுதலாம், நான் ஐந்து மணி வரை இருப்பேன். மாமாவும் வந்திருக்கிறார், கடைசி வரிசையில், நீலச் சட்டை. அவரிடம் ஏதாவது கேட்பதாக இருந்தால் வலது பக்கம் போய் நின்று கேளுங்கள்.