"பட்", "வைஸ்", "எர்": அந்த மூன்று தவளைகள் சொன்ன ஊர்ப்பெயர்

அடுத்த கேள்விக்கு வருவோம். "மூன்று தவளைகள் மாறி மாறிக் கத்தும் பழைய பட்வைசர் விளம்பரத்தைப் பார்த்தேன். பட்வைசர் என்பது யாருடைய பெயர்? பீர் பெயர்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன? உங்கள் மனதில் நின்ற பீர் விளம்பரம் எது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. எனக்கு பீர் குடிக்கும் பழக்கம் கிடையாது. ஆனால் விளம்பரங்களும் சொற்களின் பிறப்பும் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்கள். இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் இது.

தவளைகளிலிருந்தே தொடங்குகிறேன். 1995இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தின்போது வந்த விளம்பரம் அது. இரவு நேரம், ஒரு சதுப்புநிலம். ஒரு தவளை "பட்" என்கிறது, இன்னொன்று "வைஸ்", மூன்றாவது "எர்". முதலில் தாறுமாறாகக் கத்துகின்றன. பிறகு மெல்ல வரிசைக்கு வருகின்றன. கடைசியில்தான் எதிரே இருக்கும் மதுக்கடையின் விளக்குப் பலகையைக் காட்டுகிறார்கள். அதில் அந்தப் பெயர் ஒளிர்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்த மூன்றாவது தவளையிடம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ஊர்ப்பெயரோடு "எர்" சேர்த்தால் அந்த ஊரைச் சேர்ந்தது, அந்த ஊர்க்காரர் என்று பொருள். பெர்லின், பெர்லினர். நாம் "மதுரைக்காரர்" என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. ஆக, பட்வைசர் ஆளின் பெயரே இல்லை. "பட்வைஸ் ஊர் பீர்", அவ்வளவுதான். அந்த ஊர் இன்று செக் குடியரசில் இருக்கிறது. செக் மொழியில் அதன் பெயர் செஸ்கே புத்யேயொவிட்ஸே. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே பீர் வடிக்கும் ஊர்.

அப்படியென்றால் தவளை விளம்பரம் எடுத்த அமெரிக்கக் கம்பெனிக்கு அந்தப் பெயர் எப்படிப் போனது? செயின்ட் லூயிஸ் நகரில் பீர் ஆலை நடத்திய அடால்ஃபஸ் புஷ் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். பட்வைஸ் ஊர் இருக்கும் பொஹீமியா பகுதியின் பீர் வகை அவருக்குத் தெரியும். 1876இல் அந்தப் பாணியில் ஒரு பீரை வடித்து, அந்த ஊரின் பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். 1895இல் பட்வைஸ் ஊரிலேயே செக் மக்கள் சேர்ந்து ஒரு ஆலை தொடங்கினார்கள். இன்று பட்வார் என்று அழைக்கப்படுவது அதுதான். ஊர் செக் ஆலைக்காரர்களுடையது, அவர்களுக்கு முன்பே அந்தப் பெயரில் விற்கத் தொடங்கியவர்கள் அமெரிக்கர்கள். நூறு ஆண்டுக்கு மேலாக, பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு. ஐரோப்பாவில் பல நாடுகளில் அமெரிக்க பீரை வெறும் "பட்" என்றுதான் விற்கிறார்கள். அமெரிக்காவில் செக் பீருக்கு "செக்வார்" என்று வேறு பெயர் வைக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் இருவரும் அதே பெயரில் விற்கலாம். என்னைக் கேட்டால், என் மனம் அந்த ஊர்க்காரர்கள் பக்கம்தான். ஒரு ஊரில் பிறந்த பொருளுக்கு அந்த ஊரின் பெயரை வைக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருப்பது வேதனையான விஷயம்.

செக் நாட்டில் இன்னொரு ஊர் பில்சன். 1838இல் அங்கே பீர் மிக மோசமாக இருந்ததால் 36 பீப்பாய்களை நகர மன்றத்துக்கு முன்னால் கொட்டினார்கள். அப்புறம் ஊரே சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்ற நிபுணரை வரவழைத்தது. 1842இல் அவர் வடித்தது தெளிந்த பொன்னிற பீர். பில்சனர் என்றால் "பில்சன் ஊருடையது". ஆனால் உலகமே அதைப் பார்த்து வடிக்க ஆரம்பித்ததும், ஊர்ப்பெயர் ஒரு வகையின் பெயராக மாறிவிட்டது. கடைசியில் அந்த ஊர் ஆலை தன் பீருக்கு "உர்க்வெல்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டது. ஜெர்மனில் "மூல ஊற்று" என்று பொருள். அசல் நாங்கள்தான் என்று அவர்களே சொல்ல வேண்டிய நிலை.

மற்ற பெயர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லாகர் என்பது "சேமித்து வை" என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. குளிர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். போர்ட்டர், லண்டனில் சுமை தூக்கிய தொழிலாளர்கள் விரும்பிக் குடித்தது. பாக் என்பது ஐன்பெக் என்ற ஊரின் பெயர், மியூனிக்காரர்கள் வாயில் திரிந்து "பாக்" ஆயிற்று. அந்தச் சொல்லுக்கு ஜெர்மனில் ஆட்டுக்கடா என்றும் பொருள் உண்டு. அதனால்தான் அந்த பீர் புட்டிகளில் ஆட்டுக்கடா படம் இருக்கும். மெக்சிகோ பீரான கொரோனாவின் பெயருக்கு ஸ்பானிய மொழியில் கிரீடம் என்று பொருள். தாய்லாந்தின் சிங்கா, சமஸ்கிருத வழியாக வந்த நம் சிங்கம்தான்.

கார்ல்ஸ்பெர்க் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1847இல் கோபன்ஹேகனுக்கு வெளியே ஒரு குன்றில் ஜே. சி. யாக்கப்சன் ஆலை தொடங்கினார். அவருடைய மகன் பெயர் கார்ல். "பெர்க்" என்றால் குன்று. மகன் பெயரையும் குன்றையும் சேர்த்து கார்ல்ஸ்பெர்க். அந்த மகன் வளர்ந்து அப்பாவோடு தொழிலில் மோதி, பக்கத்திலேயே "புதிய கார்ல்ஸ்பெர்க்" என்று தனி ஆலை நடத்தினார். தன் பெயர் தாங்கிய ஆலைக்கே போட்டி!

கார்ல்ஸ்பெர்க்காரர்கள் பிரிட்டனில் 1970களில் தொடங்கிய விளம்பர வாசகம் "அநேகமாக, உலகின் மிகச் சிறந்த லாகர்". அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸின் கனத்த குரலில் வந்தது. எல்லாரும் "நாங்களே சிறந்தவர்கள்" என்று அடித்துச் சொல்லும்போது, இவர்கள் "அநேகமாக" என்று ஒரு சொல்லைப் போட்டார்கள். அந்தத் தயக்கம்தான் கேட்பவரை நம்ப வைத்தது. 2019இல் அதே பிரிட்டனில் "அநேகமாக இது உலகின் சிறந்த பீர் இல்லை" என்று அவர்களே விளம்பரம் செய்து, பீரை மாற்றியிருக்கிறோம் என்றார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

இந்த விளம்பரங்களை நம் ஊர்த் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருக்க முடியாது. கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி இங்கே மது விளம்பரத்துக்குத் தடை. அதனால்தான் அதே பெயரில் சோடா, தண்ணீர் பாட்டில், நாட்காட்டி என்று வேறு பொருளைக் காட்டி விளம்பரம் செய்கிறார்கள்.

சரி, மனதில் நின்ற விளம்பரம் எது? 1999 கடைசியில் வந்த பட்வைசரின் "வாஸ்ஸப்" ("என்ன சங்கதி?") விளம்பரத்தைப் பலர் சொல்வார்கள். அதற்கு மறு ஆண்டு கான் விளம்பர விழாவில் பெரும்பரிசு கிடைத்தது. நண்பர்கள் தொலைபேசியில் கத்திக்கொள்வது அழகுதான். ஆனால் பட்வைசரை எடுத்துவிட்டு வேறொரு பீரை வைத்தாலும் அது பொருந்திவிடும். என் தேர்வு அயர்லாந்தின் கறுப்பு பீரான கின்னஸின் விளம்பரம்.

ஆர்தர் கின்னஸ் 1759இல் டப்ளினில் ஆண்டுக்கு 45 பவுண்ட் வாடகைக்கு, 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதி வாங்கிய ஆலை அது. ஆனால் பெரிய அளவில் முதல் விளம்பரம் 1929இல்தான். "கின்னஸ் உங்களுக்கு நல்லது" என்பது வாசகம். அதை நான் ரசிக்கவில்லை. மதுவை மருந்துபோலச் சொல்வது தவறு. ஆனால் அதன்பின் ஜான் கில்ராய் வரைந்த சுவரொட்டிகள் அருமை. மிருகக்காட்சிசாலை ஊழியரின் கின்னஸைத் திருடும் மிருகங்கள், நீண்ட அலகோடு ஒரு டூக்கன் பறவை. பாருங்கள், குழந்தையும் சிரிக்கும்.

கின்னஸுக்கு ஒரு பிரச்சினை உண்டு. அந்த பீரில் நைட்ரஜன் கலந்திருப்பதால் குமிழ்கள் மிகச் சிறியவை. கோப்பையில் பாதிக்கு மேல் ஊற்றி, அடங்கும்வரை நிறுத்தி, பிறகு மீதியை ஊற்ற வேண்டும். முறையாக ஊற்ற 119.5 விநாடி ஆகும் என்று அவர்களே கணக்குச் சொல்வார்கள். கூட்டமான கடையில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் நிற்பது எரிச்சல்தானே? வேறு கம்பெனி என்றால் அதை மறைத்திருக்கும். இவர்கள் அதையே வாசகமாக்கினார்கள்: "காத்திருப்பவருக்கே நல்லது வந்து சேரும்."

அந்த வரிசையில் 1999 மார்ச்சில் வந்ததுதான் "சர்ஃபர்", அதாவது அலைச்சறுக்கு வீரன். இயக்குநர் ஜோனதன் கிளேசர் ஹவாயில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பீரும் கறுப்பு, நுரை வெள்ளை என்பதை நினைவில் வையுங்கள். "அவன் காத்திருக்கிறான். அவன் வேலையே அதுதான்" என்று ஒரு குரல் தொடங்குகிறது. கடலோரத்தில் ஒருவன் பேரலைக்காகக் காத்திருக்கிறான். அலை எழும்போது அதன் முகட்டிலிருந்து பிரம்மாண்டமான வெள்ளைக் குதிரைகள் பாய்ந்து வருகின்றன. ஏன் குதிரை? நுரை பொங்கும் அலைகளை ஆங்கிலத்தில் "வெள்ளைக் குதிரைகள்" என்பார்கள். ரோமானியக் கடல் தெய்வமான நெப்டியூனின் பெயரில் வால்டர் கிரேன் வரைந்த "நெப்டியூனின் குதிரைகள்" ஓவியமும் இதற்குத் தூண்டுதல். கடைசிவரை பீரை அருந்தச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் காத்திருப்பு, கறுப்பு, நுரை என்று அத்தனையும் அந்த பீருக்கே உரியவை. இதை எடுத்து வேறொரு பீருக்குப் போடவே முடியாது.

ஒலியைக் கூட்டி வைத்து ஒருமுறை பாருங்கள். இதயத்துடிப்பு மாதிரி ஒரு முரசு அடிக்கும். அந்தக் குதிரைகள் வரும்போது என் கை இன்றும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்கிறது.