கல்லில் 1,000 பேர், ஏட்டில் 25,000 பேர்: டெல்லி போர்க் கல்லறையின் கதை

[காட்சி: ரிங் ரோடு, ஓடும் வண்டியிலிருந்து]

வணக்கம். ஆர்.கே.புரம் மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, தௌலா குவான் தாண்டி நாராயணா பக்கம் போனால் பிரார் ஸ்கொயர் வரும். 2021-இல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தைத் தகனம் செய்த இடம் என்றால் பலருக்குச் சட்டென்று புரியும். அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது டெல்லி போர்க் கல்லறை.

இங்கே இருப்பவர்களில் பலர் டெல்லியில் இறந்தவர்களே அல்ல. 1947-க்குப் பிறகு பிரிட்டிஷ் படைகள் கிளம்பிவிட்டன. அலகாபாத், கான்பூர், லக்னோ, டேராடூன் என்று கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) ஊர்களில் சிதறிக் கிடந்த கல்லறைகளை யார் காலாகாலத்துக்கும் பராமரிப்பது? அதனால் 1951-இல் அவற்றை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் மட்டும் 1,000 பேருக்கு மேல். அப்புறம் 1966-இல், காஷ்மீரி கேட் நிக்கல்சன் கல்லறைத் தோட்டத்திலிருந்து முதல் உலகப் போர்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். டச்சுக்காரர்கள் சிலரும் உண்டு.

[காட்சி: ஒரே ஒரு கல், மிக அருகில்]

ஒரு கல்லை நிதானமாகப் படிப்போம். மேலே படைப்பிரிவின் சின்னம். கீழே எண், பதவி, பெயர், இறந்த தேதி, வயது. நடுவில் சிலுவை. அடியில் சில கற்களில் மட்டும் ஒரு வரி இருக்கும். அது வீட்டார் எழுதிக் கொடுத்தது. உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் அன்று கிடையாது. பெற்ற தாய்க்குத் தன் பிள்ளையின் கல்லறையில் செய்ய முடிந்தது அந்த ஒரு வரிதான்.

அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேதம் இங்கே இல்லை. 1917-இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையத்தின் (இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்) விதி அது. நம் இந்தியா கேட்டை எழுப்பியதும் இதே ஆணையம்தான்.

சரி, நம்ம ஊர் ஆட்கள் எங்கே? மெட்ராஸ் ரெஜிமென்ட்டிலும், ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸிலும் எத்தனை தமிழர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் போனார்கள்!

[காட்சி: நினைவுச் சின்னம்]

இந்து, சீக்கிய வீரர்களை அவரவர் முறைப்படி தகனம் செய்தார்கள். தகனம் செய்யப்பட்டவருக்குக் கல் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் இறந்த, பிரிக்கப்படாத இந்தியாவின் படைகளைச் சேர்ந்த 25,000 பேருக்கு மேல் இங்குள்ள நினைவுச் சின்னத்தில் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் பெயர்கள் கல்லில் இல்லை, ஒரு பெயர்ப் பதிவேட்டில் இருக்கின்றன. நாடு இரண்டானதால் அதே பதிவேடு இரண்டு இடத்தில்: ஒன்று இங்கே, மற்றொன்று கராச்சியில்.

எனக்கு இது ஆறவே இல்லை. வரிசையாக நிற்கும் கற்களைப் படம் எடுத்துக்கொண்டு போகிறோம். அதைவிட இருபது மடங்குக்கும் அதிகமான பெயர்கள் ஏட்டுக்குள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் தாத்தாவோ, தாத்தாவின் அண்ணனோ போருக்குப் போய்த் திரும்பாதவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள், இலவசம்தான். பல இந்திய வீரர்களின் பதிவில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர் வரை இருக்கும். பெயரை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதனால் கோவிந்தசாமி என்றால் நாலைந்து விதமாகத் தட்டிப் பாருங்கள். வீட்டுப் பெட்டியில் பழைய பென்ஷன் காகிதமோ பதக்கமோ இருந்தால் அதிலுள்ள ராணுவ எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் ஆளை உறுதி செய்ய அந்த எண்தான் உதவும்.