ராணியை மாத்தி வச்சாலும் இந்த செஸ் போர்டுக்குத் தெரியாது! எலெக்ட்ரானிக் போர்டு வாங்கும் முன்னாடி இதைப் பாருங்க

(திரையில்: எலெக்ட்ரானிக் செஸ் போர்டு, பக்கத்தில் லேப்டாப். ஒரு கை டி1 கட்டத்திலிருந்து வெள்ளை ராணியை எடுத்துவிட்டு அங்கே ஒரு சிப்பாயை வைக்கிறது.)

பார்த்தீங்களா? ராணியை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு சிப்பாயை வச்சேன். இப்ப லேப்டாப்பைப் பாருங்க. அங்க இன்னமும் ராணிதான் நிக்குது! போர்டு ஒரு சத்தமும் போடல, ஒரு விளக்கும் எரியல. போர்டு ரிப்பேர் இல்லீங்க, நல்லாத்தான் வேலை செய்யுது. இந்த வகை போர்டோட அமைப்பே இதுதான்.

வணக்கம் நண்பர்களே. கம்ப்யூட்டரோட இணையற செஸ் போர்டு வாங்கணும்னு நினைக்கிறவங்க முதல்ல மரத்தைப் பார்க்கிறாங்க, விளக்கைப் பார்க்கிறாங்க, காய் அழகா இருக்கான்னு பார்க்கிறாங்க. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். இந்த போர்டுக்கு என்ன தெரியும், தெரிஞ்சதை யார்கிட்டச் சொல்லும்? இதுக்குப் பதில் கிடைக்காம பணத்தை எடுக்காதீங்க.

பழைய கதையை வேகமா முடிச்சிடுறேன். 1970-கள் கடைசியில வந்த செஸ் கம்ப்யூட்டர்கள்ல பட்டன் தட்டித்தான் நம்ம மூவைச் சொல்லணும். அப்புறம் காயை வச்சுக் கட்டத்தை அழுத்தற போர்டுகள் வந்துச்சு. அதுக்கப்புறம் காந்தம். அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: போர்டின் உட்புறப் படம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரு சின்ன சென்சார்.)

இன்னைக்குச் சந்தையில இருக்கிற போர்டுகளை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. முதல் வகைக்கு, கட்டத்துல காய் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். காயோட அடியில ஒரு காந்தம், கட்டத்துக்குக் கீழ ஒரு சென்சார். காந்தம் வந்தா "ஆள் இருக்கு", போனா "ஆள் இல்ல". ஆட்டம் ஆரம்பிக்கும்போது எல்லாக் காயும் எங்கெங்க இருக்கும்னு சாஃப்ட்வேருக்குத் தெரியும். அங்கிருந்து ஒவ்வொரு மூவா கணக்கு வச்சுக்கிட்டே வருது. கணக்கு சரியா இருக்கிற வரைக்கும் எல்லாம் சரி.

எங்க இடிக்கும்னா, காய் வெட்டும்போது. யோசிச்சுப் பாருங்க. உங்க ராணி ரெண்டு காய்ல எதை வேணும்னாலும் வெட்டலாம், டி7-ல ஒண்ணு, ஏ4-ல ஒண்ணு. நீங்க டி7-ஐ வெட்டுறீங்க. வெட்டி முடிச்சதும் போர்டு எப்படி இருக்கும்? ராணி கிளம்பின டி1 காலி. டி7-ல ஆள் இருக்கு. ஏ4-லயும் ஆள் இருக்கு. ஏ4-ஐ வெட்டியிருந்தா எப்படி இருந்திருக்கும்? அச்சு அசலா இதேதான்! கடைசி நிலையை மட்டும் பார்த்தா எதை வெட்டினீங்கன்னு இந்த போர்டால சொல்லவே முடியாது. அந்தக் கட்டம் ஒரு நொடி காலியானதை அது பிடிச்சிருக்கணும். வேகமா ஆடுறவங்க, ஒரே வீச்சுல பழைய காயைத் தட்டிட்டுப் புதுக் காயை உட்கார வைப்பாங்க. அந்த இடைவெளியை போர்டு தவறவிட்டா ஆட்டம் அங்கயே சிக்கி நிக்கும்.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனா ராணியா மாறுச்சா குதிரையா மாறுச்சான்னு இதுக்குத் தெரியாது. ஆப்ல போய் நீங்கதான் சொல்லணும், இல்ல ராணின்னு அதுவா எடுத்துக்கும். நடு ஆட்டத்துல இருந்து ஒரு புதிரை எடுத்து அடுக்கி, "இதை அலசிச் சொல்லு"ன்னு கேட்கவும் வழியில்ல. அந்த நிலையை முதல்ல திரையில போட்டுட்டு, அதே மாதிரி போர்டுல அடுக்கணும்.

ரெண்டாவது வகைக்கு எந்தக் காய் எங்க இருக்குன்னே தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

(திரையில்: குறுக்கே வெட்டப்பட்ட ஒரு காய். உள்ளே சின்னதாக ஒரு கம்பிச் சுருள்.)

இந்தக் காய்க்குள்ள பேட்டரி கிடையாது. ஒரு சின்னக் கம்பிச் சுருளும் ஒரு மின்தேக்கியும் மட்டும்தான். ஒரு தந்தி வாத்தியத்துல ஒரு கம்பியை மீட்டினா, அதே சுருதியில இருக்கிற இன்னொரு கம்பி யாரும் தொடாமலே அதிரும் இல்லையா? அதேதான் இங்கயும் நடக்குது. போர்டு மின்காந்தத் துடிப்பை அனுப்புது, காய் தன்னோட அதிர்வெண்ல பதில் சொல்லுது. செஸ்ல ஆறு வகைக் காய், ரெண்டு நிறம், ஆக 12 அதிர்வெண். பதில் வந்த அதிர்வெண்ணை வச்சு "இது கறுப்புக் குதிரை"ன்னு போர்டு கண்டுபிடிக்குது. 64 கட்டத்தையும் இப்படி விடாம கேட்டுக்கிட்டே இருக்கு. நெதர்லாந்தோட டிஜிடி நிறுவனத்தோட டோர்னமென்ட் போர்டுகள் இப்படித்தான் வேலை செய்யுது. பெரிய போட்டிகளோட நேரலையில திரையில மூவ் தானா ஓடுறது இதனாலதான்.

இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் யார் ஜெயிச்சாங்கன்னு போர்டு எப்படிச் சொல்லும்? தோத்தவர் கை குடுத்துட்டு எழுந்துட்டா அதுல மூவே கிடையாது. அதனால ரெண்டு ராஜாவையும் எடுத்து நடுவுல வைக்கிறாங்க. வெள்ளை ஜெயிச்சா ரெண்டு ராஜாவும் வெள்ளைக் கட்டத்துல, அதாவது ஈ4-லயும் டி5-லயும். கறுப்பு ஜெயிச்சா கறுப்புக் கட்டத்துல, டி4-லயும் ஈ5-லயும். டிரான்னா ஒண்ணு வெள்ளைக் கட்டம், ஒண்ணு கறுப்புக் கட்டம்.

இதை ஏன் அழகுன்னு சொல்றேன் தெரியுமா? இந்த நாலு கட்டமும் ஒண்ணையொண்ணு ஒட்டி இருக்கு. செஸ் விதிப்படி ரெண்டு ராஜா பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல நிக்கவே முடியாது! அதனால எந்த ஆட்டத்தோட நடுவுலயும் இந்த நிலை வர வாய்ப்பே இல்ல. வந்தா, ஆட்டம் முடிஞ்சதுன்னு மட்டும்தான் அர்த்தம். இதை யோசிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்.

ஆனா இதுலயும் ஒரு வேடிக்கை நடக்கும். வெள்ளை ராஜா டி3-ல நிக்குதுன்னு வைங்க. முடிவைச் சொல்றதுக்காக அதை ஈ4-ல வைக்கிறாங்க. டி3-ல இருந்து ஈ4-க்குப் போறது சரியான மூவ்தானே? சாஃப்ட்வேர் அதையும் ஒரு மூவ்னு பதிவு பண்ணிடும். ஆட்டத் தொகுப்புகள்ல பழைய ஆட்டங்களைப் புரட்டும்போது, கடைசி வரியில சம்பந்தமே இல்லாம ராஜா நடுவுல போய் நிக்கிறதைப் பார்த்தா குழம்பாதீங்க. பல தடவை அது ஆட்டக்காரர் ஆடின மூவே இல்ல, முடிவைச் சொன்ன கைதான். உங்க கண்ணுல அப்படி ஒரு ஆட்டம் பட்டிருந்தா கமென்ட்ல போடுங்க, நான் அதையெல்லாம் சேர்த்து வைக்கிறேன்.

சரி, வாங்குற விஷயத்துக்கு வர்றேன். காயை அடையாளம் தெரிஞ்சுக்கிற போர்டுல இன்னொரு வழியும் இருக்கு, ஆர்எஃப்ஐடி. ஒவ்வொரு காய்க்கு அடியிலயும் ஒரு சின்ன சில்லு, சில்லுக்கு ஒரு எண். எந்த எண் எந்தக் காய்னு ஒரு தடவை சொல்லிக் குடுத்துட்டா போதும். உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற காய்க்கு அடியில சில்லை ஒட்டியும் ஆடலாம். சுருள் வகையில அது அவ்வளவு சுலபம் இல்ல, ஒரு சிப்பாய் தொலைஞ்சா அதே அமைப்புல இருக்கிற சிப்பாயைத்தான் தேடி வாங்கணும். சுருளோ ஆர்எஃப்ஐடியோ, எதுவா இருந்தாலும் கூடுதலா ரெண்டு ராணி செட்டோட வருதான்னு கட்டாயம் கேளுங்க. ப்ரொமோஷன், அதாவது சிப்பாய் ராணியா மாறுறது, வரும்போது யானையைத் தலைகீழா வச்சு "இதுதான் ராணி"ன்னு சொன்னா இந்த போர்டு ஒத்துக்காது!

என் கருத்து: வீட்டுல கம்ப்யூட்டரோட ஆடி முடிச்சு எழுந்துடுறவங்களுக்கு முதல் வகை போதும், கூடுதல் பணம் வேண்டாம். ஆட்டத்தை அலசறவங்க, புதிர் அடுக்கறவங்க, பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவங்க ரெண்டாவது வகைக்குக் கீழ இறங்காதீங்க.

(திரையில்: போர்டின் மூலைகளில் விளக்குகள் மின்னுகின்றன.)

அடுத்து விளக்கு. எதிராளியோட மூவை போர்டு எப்படிக் காட்டும்? டோர்னமென்ட் போர்டுகள்ல பெரும்பாலும் விளக்கே இருக்காது, அங்க எதிர்ல ஆள் உட்கார்ந்திருக்காரே! அதை வீட்டுக்கு வாங்கினா திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆடணும், இல்ல சாஃப்ட்வேர் மூவைச் சொல்றதைக் காதால கேட்கணும். சில போர்டுல கட்டத்துக்கு ஒரு விளக்கு. சிலதுல கட்டங்களோட மூலையில விளக்கு, மொத்தம் 81. 64 கட்டத்துக்கு ஏன் 81? எட்டுக் கட்டத்துக்கு ஒன்பது கோடு, ஒன்பதை ஒன்பதால பெருக்குங்க. நாலு மூலையும் எரிஞ்சா நடுவுல இருக்கிறதுதான் உங்க கட்டம். காயே வச்சிருந்தாலும் விளக்கு மறையாது, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

காய் தானா நகர்ற போர்டும் உண்டு. 1983-லயே மில்டன் பிராட்லி நிறுவனம் அப்படி ஒண்ணை வித்தாங்க. பார்க்க அற்புதம், ஆனா மெதுவா நகரும், சத்தமும் கேட்கும்.

இப்ப யார்கிட்டப் பேசும்ங்கிற கேள்வி. செஸ் எஞ்சின்களுக்கு, அதாவது மூவைக் கணக்குப் போடுற புரோகிராம்களுக்கு, 2000-லயே யூசிஐன்னு ஒரு பொது மொழி வந்துடுச்சு. அதனாலதான் ஸ்டாக்ஃபிஷ்ங்கிற எஞ்சினை அந்த மொழி தெரிஞ்ச எந்த செஸ் சாஃப்ட்வேர்லயும் போட முடியுது. போர்டுகளுக்கு அப்படி ஒரு பொது மொழி இல்ல! ஒவ்வொரு கம்பெனி போர்டும் தனக்குன்னு ஒரு மொழி பேசுது. அந்த மொழி வெளியில தெரிஞ்சிருந்தா, விருப்பப்பட்டவங்க எழுதின இலவச சாஃப்ட்வேர் எல்லாம் அதோட பேசும். விண்டோஸ்ல பேர்செஸ், ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர்ல பிகோசெஸ் இதெல்லாம் அப்படி வந்ததுதான். கம்பெனியோட ஆப் வழியா மட்டும்தான் பேசும், அதுக்கு அவங்க சர்வரும் வேணும்னா, நான் வாங்க மாட்டேன். சர்வர் நின்னா உங்க போர்டு வெறும் மரப்பலகைதான். யுஎஸ்பி கேபிள், ப்ளூடூத் ரெண்டும் இருக்கிறதா பார்த்து எடுங்க. ஒண்ணு தகராறு பண்ணா இன்னொண்ணு கை குடுக்கும்.

ஆன்லைன்ல ஆடுறவங்க இதைக் குறிச்சுக்கோங்க. லிச்செஸ்ங்கிற ஆன்லைன் செஸ் தளத்துல போர்டு வழியா முன்பின் தெரியாத எதிராளியைத் தேடி ஆடணும்னா ரேபிட் இல்லன்னா அதைவிட மெதுவான ஆட்டம்தான் கிடைக்கும். ரேபிட்டை அவங்க கணக்கிடுற விதம் இது: ஆரம்ப நேரத்தோட, ஒரு மூவுக்குக் கூடுற நொடியை 40-ஆல பெருக்கிச் சேர்ப்பாங்க. 480 நொடி வந்தா ரேபிட். 5 நிமிஷம் கூட 3 நொடின்னா 420, கிடைக்காது. 5 நிமிஷம் கூட 5 நொடின்னா 500, கிடைக்கும்! எதிராளியோட காயையும் நீங்கதானே நகர்த்தணும், அதுவரைக்கும் ஓடுறது உங்க கடிகாரம். இன்க்ரிமென்ட், அதாவது மூவுக்கு மூவு கூடுற நொடி, இல்லாத ஆட்டத்தைத் தொடாதீங்க.

அளவு பத்தி ஒரே வரி: போட்டிக்குத் தயாராகறவங்க, உலக செஸ் அமைப்பான ஃபிடே சொல்ற மாதிரி ராஜா சுமார் 9.5 சென்டிமீட்டர் உயரம், கட்டம் 5-ல இருந்து 6 சென்டிமீட்டர் இருக்கிறதா பாருங்க.

(திரையில்: காலி போர்டில் ஒரு ராஜா ஒவ்வொரு கட்டமாக நகர்கிறது, லேப்டாப்பிலும் அதே போல.)

பழைய போர்டை ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கறீங்கன்னா, பணம் குடுக்கும் முன்னாடி லேப்டாப்பை இணைச்சு, எல்லாக் காயையும் எடுத்துட்டு ஒரே ஒரு ராஜாவை ஏ1-ல வச்சு ஆரம்பியுங்க. சென்சாரை நேரடியாக் காட்டற திரையைத் திறந்து வச்சுக்கிட்டு, 64 கட்டத்துலயும் ஒவ்வொண்ணா வச்சுப் பாருங்க. நடுவுல வச்சு ஒரு தடவை, ஓரத்துல தள்ளி வச்சு ஒரு தடவை. ஒரு வரிசை முழுக்கப் பேசலைன்னா உள்ள இணைப்பு போயிருக்கு, அந்த போர்டை விட்டுடுங்க. அடையாளம் தெரிஞ்சுக்கிற வகைன்னா மீதிக் காய்களையும், கூடுதல் ராணி ரெண்டையும் ஒவ்வொண்ணா வச்சுக் காட்டச் சொல்லுங்க. இரும்பு மேசை மேல வச்சுச் சோதிக்காதீங்க, உலோகம் சுருளோட பதிலைக் குழப்பலாம்.

நீங்க பார்த்து வச்சிருக்கிற போர்டோட பேரையும், எந்த சாஃப்ட்வேர்ல ஆடுவீங்கன்னும் கமென்ட்ல எழுதுங்க. அது எந்த வகைன்னு பார்த்துச் சொல்றேன். பிகோசெஸ்ஸை ஆரம்பத்துல இருந்து நிறுவுறதுதான் அடுத்த வீடியோ. சேனலை சப்ஸ்கிரைப் பண்ணி வைங்க, வந்ததும் தெரியும்.