இந்த இசைத்தாளில் அவர் பெயர் எங்கே?

இந்தத் தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். கொஞ்சம் பொறுங்கள், தெளிவாகட்டும். சரி, இப்போது படிக்க முடிகிறது. பியானோவுக்கான இசைத்தாள் இது. இயற்றியவர் 'மிஸஸ் ஹெச். ஹெச். ஏ. பீச்' என்று அச்சடித்திருக்கிறார்கள். இதில் அந்தப் பெண்ணின் பெயர் எங்கே என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. மூன்று எழுத்துகளும் கணவருடையவை: ஹென்றி ஹாரிஸ் ஆப்ரே பீச். பாஸ்டன் நகரில் பேர்பெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர். அவருக்கு இசைத்தாளில் என்ன வேலை என்பதுதான் இன்று என் பேச்சு.

பெண்ணின் பெயர் ஏமி. 1867இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஒரு வயதிலேயே நாற்பது பாட்டுகளைச் சுருதி பிசகாமல் முணுமுணுத்ததாக வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். பெற்றவர்களின் கணக்கு என்று நான் பாதி கழித்துக்கொள்கிறேன். மீதிப் பாதியே மலைக்க வைக்கிறது. அம்மா கிளாராவும் பியானோ வாசிப்பவர். ஆனால், குழந்தை செல்லம் கொடுத்துக் கெட்டுவிடுமோ என்று பயந்து ஆரம்பத்தில் பியானோவைத் தொடவிடாமல் வைத்திருந்தார். ஏமிக்கு நான்கு வயதானபோது ஒரு கோடையில் தாத்தாவின் பண்ணைக்குப் போனார்கள். அங்கே பியானோ இல்லை. குழந்தை தலைக்குள்ளேயே வால்ட்ஸ் என்ற நடன இசையில் மூன்றை அமைத்துக்கொண்டு வந்து, வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது. சுருதிகள் அதற்கு நிறங்களாகவும் தெரிந்தன. 'சி' வெள்ளை, 'ஜி' சிவப்பு, 'இ' மஞ்சள், 'ஏ ஃபிளாட்' நீலம்.

மேடைக் கதையை விரைந்து சொல்லிவிடுகிறேன். 16 வயதில், 1883இல் பாஸ்டனில் ஆர்க்கெஸ்ட்ராவுடன், அதாவது பெரிய வாத்தியக் குழுவுடன் அரங்கேற்றம். 1885இல் பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் சோப்பினின் கான்செர்ட்டோ, அதாவது பியானோ முன்னே நிற்க ஆர்க்கெஸ்ட்ரா துணை வாசிக்கும் படைப்பு. அதே ஆண்டு டிசம்பரில் திருமணம். பெண்ணுக்கு 18 வயது, டாக்டர் பீச் சுமார் 24 ஆண்டுகள் மூத்தவர்.

திருமணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. ஆண்டுக்கு இரண்டு கச்சேரிகளுக்கு மேல் கூடாது, அந்த வருமானமும் தருமத்துக்குப் போக வேண்டும். பியானோ சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கக் கூடாது. வீட்டிலிருந்து இசை இயற்றலாம், ஆனால் அதற்கென்று ஆசிரியர் வேண்டாம். சொந்தக் கற்பனை கெட்டுவிடுமாம்! முறையான பாடம் என்று ஏமிக்குக் கிடைத்தது, திருமணத்துக்கு முன்னால் சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் 'ஹார்மனி'யில் ஒரே ஒரு வருட வகுப்பு மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் நாள்முழுக்கப் பேசுவேன். ஒரே மெட்டு பல குரல்களில் ஒன்றையொன்று துரத்தி வரும் 'ஃபியூக்' என்ற வகையில் இசைமேதை பாக் எழுதியவற்றை மனப்பாடம் செய்து, நினைவிலிருந்து தாளில் எழுதிப் பழகினார். கச்சேரி கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, காதில் நின்றதை எழுதி, அச்சிட்ட பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தினார். ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியங்களைப் பற்றி இசையமைப்பாளர் பெர்லியோஸ் பிரெஞ்சில் எழுதிய நூலைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் படித்தார். ஆசிரியர் கூடாது என்றார்கள், புத்தகம் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

1892இல் செக் இசைமேதை ட்வோர்ஷாக் அமெரிக்கா வந்தார். பாஸ்டன் பத்திரிகை ஒன்றில், பெண்களுக்குப் படைக்கும் ஆற்றல் கிடையாது என்ற பொருளில் அவர் பேசியது அச்சானது. அமெரிக்க இசை கறுப்பின மக்களின் பாடல்களிலிருந்துதான் முளைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏமி பத்திரிகையிலேயே பதில் எழுதினார். அந்தப் பாடல்களின் அழகை அவர் மறுக்கவில்லை. ஆனால் வடபகுதியில் வளர்ந்த எங்களுக்கு இங்கிலீஷ், ஸ்காட்டிஷ், ஐரிஷ் பாட்டுகள்தான் காதில் ஊறியவை என்றார். அன்றைய பாஸ்டனில் ஐரிஷ் குடியேறிகள் நிறைந்திருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். முழுப் பதில் 1896 அக்டோபர் 30 அன்று வந்தது: 'கேலிக் சிம்பொனி'. கேலிக் என்பது ஐரிஷ், ஸ்காட்டிஷ் மக்களின் பழைய மொழி, சிம்பொனி என்பது ஆர்க்கெஸ்ட்ராவுக்கான, பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு. எமில் பவுர் நடத்த, பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. அமெரிக்கப் பெண் ஒருவர் எழுதி அரங்கேறிய முதல் சிம்பொனி அது. இரண்டாம் பகுதியில் ஓபோ என்ற ஊதுகுழல் ஓர் ஐரிஷ் மெட்டை எடுக்கும் இடத்தை மட்டுமாவது கேளுங்கள். பயணத்தில் கேட்காதீர்கள், வாகனச் சத்தத்தில் அது கரைந்துவிடும்.

கேட்டுவிட்டு சாட்விக் என்ற இசையமைப்பாளர் அவருக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இனி எங்கள் பையன்களில் ஒருவர் என்றார். மனதாரப் பாராட்டியிருக்கிறார், சந்தேகமில்லை. பாராட்டுவதற்கு அந்த ஒரு சொல்தான் கைவசம் இருந்திருக்கிறது.

கணவர் கட்டிப்போட்டதால்தான் இத்தனை இசை பிறந்தது, கச்சேரி கச்சேரியாகச் சுற்றியிருந்தால் சிம்பொனி எழுத நேரம் ஏது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நான்கு வயதில், பியானோ இல்லாத பண்ணையில் இசை அமைத்தபோது எந்தக் கணவர் இருந்தார்? டாக்டர் பீச் அவரை எழுதத் தூண்டினார் என்பது உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் 1910இல் அவர் இறந்தார், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அம்மாவும் போனார். அந்த ஆண்டே ஏமி ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டார். கால் நூற்றாண்டாக ஆண்டுக்கு இரண்டு என்று அளந்து வாசித்த கைகள் ஜெர்மனியின் நகரங்களில் கச்சேரி கச்சேரியாக வாசித்தன. போர் மூண்ட 1914இல்தான் திரும்பினார். அந்தப் பசியை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பெயருக்கு வருகிறேன். ஐரோப்பாவில் 'ஏமி பீச்' என்று போட்டுப் பார்த்தார். ஆனால் இசை உலகம் அறிந்திருந்தது மிஸஸ் ஹெச். ஹெச். ஏ. பீச்சை. புதுப்பெயரைக் கண்டவர்கள், அந்த அம்மாளின் மகளா நீங்கள் என்று கேட்டார்களாம். பழைய பெயருக்கே திரும்பிவிட்டார். நான் காட்டிய தாள் 1922இல் வெளியானது. கணவர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியும் எழுத்துகள் மாறவில்லை. முன்பு அது கணவர் பெயராக இருந்திருக்கலாம், அதற்குள் அவருடைய உழைப்பின் பெயராகிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தத் தாளில் உள்ள இசை பிறந்த இடம் நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோ. மெக்டவல் காலனி என்று கலைஞர்களுக்காகக் காட்டுக்குள் அமைத்த குடில்கள். 1921இல் அங்கே தங்கியிருந்தபோது, வெளியே ஹெர்மிட் த்ரஷ் என்ற சிறு பறவை பாடிக்கொண்டே இருந்தது. ஏமி கேட்டபடி எழுதினார். பறவையின் அழைப்புகள் அதே சுருதியில், ஒரு ஸ்தாயி மட்டும் கீழே என்று இசைத்தாளிலேயே குறிப்பும் போட்டார். மாலைக்கு ஒன்று, காலைக்கு ஒன்று என இரண்டு துண்டுகள். 1944இல் இறந்தபோது தம் இசையின் உரிமைத்தொகையை அந்தக் காலனிக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார்.

கீபோர்டை இழுத்துக்கொள்கிறேன். மாலைத் துண்டின் தொடக்கம் மட்டும் வாசிக்கிறேன், எனக்கு வருவது அவ்வளவுதான். இடது கை மெதுவாக நகரும், அதில் ஒன்றுமில்லை. வலது கை மேலே தாவும் இடம்தான் பறவை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வருகிறேன், இருங்கள்.