ஒரு வீட்டுக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரியா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் எந்த வீட்டுக்கு பிராட்பேண்ட் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை என்ற கணக்கை அந்த நாட்டு அரசு திருத்திய கதையை இன்று சொல்கிறேன்.

அங்கே தொலைத்தொடர்பைக் கவனிக்கும் ஆணையத்துக்கு எஃப்.சி.சி. என்று பெயர். இணைய நிறுவனங்கள் எழுதித் தரும் விவரம்தான் பல வருடமாக அதற்கு ஆதாரம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நாட்டைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புத் தர முடிந்தாலும், வட்டாரம் முழுவதற்கும் இணையம் உண்டு என்று கணக்கில் ஏறிவிடும். நகரத்தில் ஒரு வட்டாரம் என்பது நாலு தெருவுக்கு நடுவே இருக்கும் வீடுகள், அவ்வளவுதான். கிராமப்புறத்திலோ அது பல மைல் நீளும். சாலையோரப் பண்ணைவீடு வரை கேபிள் வந்திருக்கும். உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுப் பிள்ளை வீட்டுப்பாடத்துக்காக நூலக வாசலில் காருக்குள் உட்கார்ந்து வைஃபை பிடிக்கும். காகிதத்தில் இரண்டு வீடும் ஒன்றுதான். இணையம் உண்டு என்று எழுதிவிட்ட இடத்துக்கு மானியமும் கிடைப்பது கஷ்டம். எனக்கு மனசு ஆறாத இடம் இது.

2020 மார்ச்சில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 2022 நவம்பரில் புது வரைபடம் வெளியானது. இதில் வட்டாரக் கணக்கு இல்லை; ஒவ்வொரு வீடும் கடையும் தனித்தனிப் புள்ளி. முகவரியைத் தட்டினால் எந்த நிறுவனம், என்ன வேகம் என்று காட்டும். தப்பாக இருந்தால் அங்கேயே ஆட்சேபம் எழுதலாம். 'கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள்', 'பத்து வேலை நாளுக்குள் இணைப்புத் தர நாள் குறிக்கவில்லை', 'வழக்கமான கட்டணத்துக்கு மேல் கேட்டார்கள்' என்றெல்லாம் காரணம் சொல்லலாம். நிறுவனம் 60 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் சொல்லுக்கும் மதிப்பு வந்தது, பாருங்கள், அதுதான் பெரிய மாற்றம்.

2023 மே மாதம் வரைபடத்தைப் புதுப்பித்தபோது, நீக்கியது போக 10 லட்சத்துக்கும் மேலான இடங்கள் கூடுதலாகச் சேர்ந்தன. அடுத்த மாதமே, இணையம் எட்டாத இடங்களுக்கு இணைப்புக் கொடுக்க அரசு ஒதுக்கிய 4,245 கோடி டாலர் திட்டத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை இந்த வரைபடத்தை வைத்துத்தான் அறிவித்தார்கள்.

ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. அந்த ஆட்சேபத்தை எழுதுவதும் இணையத்தில்தான். இணைப்பே இல்லாத வீட்டில் இருக்கும் வயதானவர் எங்கே போவார்? மாநில அரசும் உள்ளூர் நூலகமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

நன்றி, வணக்கம்.