அச்சு சாயவில்லை, பூமிதான் நகர்ந்து உட்காருகிறது

ஆலங்குளத்திலிருந்து பதினோராம் வகுப்புத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “துருவத்துப் பனி உருகினால் பூமியின் அச்சு சாய்ந்துவிடுமாமே, நம் ஐப்பசி மழை என்ன ஆகும்?” இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பருவங்களை உண்டாக்கும் 23.4 பாகைச் சாய்வை இது மாற்றாது. அச்சு விண்வெளியில் அப்படியேதான் நிற்கிறது. பூமியின் உடல்தான் அதன்மேல் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறது. அதனால் துருவப்புள்ளி தரையில் இடம் மாறுகிறது. ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர், அரைச் சாண்தான்.

பம்பரக் கதையை இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். பம்பரத்தின் உச்சந்தலையில் நட்டநடுவே மெழுகு வைத்தால் அது பாட்டுக்குச் சுற்றும். அதே மெழுகைச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் ஒட்டுங்கள், தலையை ஆட்டத் தொடங்கிவிடும். கிரீன்லாந்து அந்தப் பக்கவாட்டு மெழுகு. துருவத்தின் உச்சியில் இல்லாமல் ஒரு பக்கமாகக் கிடக்கிறது. அங்கிருந்து ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் பனி கடலுக்குப் போகிறது. எடை குறைந்த பக்கம் துருவம் நகரும். இருபதாம் நூற்றாண்டு முழுக்கக் கனடாவை நோக்கிப் போன துருவம், 2000-ஐ ஒட்டிக் கிழக்கே திரும்பியது. 2002 முதல் கிரேஸ் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பை அளந்ததால்தான் எந்த இடத்தில் எவ்வளவு எடை குறைந்தது என்று கணக்குப் போட முடிந்தது.

சரி, தம்பி பனியைக் கேட்டார். எனக்குக் கிணற்றைப் பற்றிப் பேச ஆசை. 1993 முதல் 2010 வரை உலகம் உறிஞ்சிய நிலத்தடி நீர் சுமார் 2.15 லட்சம் கோடி டன். அது மட்டுமே துருவத்தை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் கிழக்கே நகர்த்தியது என்று 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது. நாம் இறைத்த தண்ணீர்! வயலில் பாய்ந்து, ஆவியாகி, ஆறாக ஓடி, கடைசியில் பெரும்பங்கு கடலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

எந்த இடத்தில் இறைக்கிறோம் என்பதும் முக்கியம். 45 பாகை அட்சரேகையில் எடை மாறினால் துருவத்தை நகர்த்தும் இழுவை மிக அதிகம். நிலநடுக்கோட்டிலும் துருவத்திலும் இல்லவே இல்லை. பஞ்சாப் 30 பாகையைத் தாண்டி இருக்கிறது. நம் திருநெல்வேலி 8.7 பாகை, ஆகவே நம் பங்கு குறைவு. ஆனால் நம் மண்ணுக்குள் நடப்பது குறைவா?

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தாத்தா கமலை கட்டி இறைப்பார். படியில் இறங்கிக் கையால் மொண்டு குடித்திருக்கிறேன். இன்று அதே கிணற்றின் அடியில் போர் போட்டும், மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் காற்றைத்தான் தள்ளுகிறது.

தம்பி, உங்கள் வீட்டுப் போர் எத்தனை அடி என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த வீடியோவை அதிலிருந்தே தொடங்குகிறேன்.